பாடகர் வந்தார், கணவர் வரவில்லை

யுத்த காலத்தில் என் கணவர் ஓர் இசைக்குழுவில் டோலக் வாசித்தார். ஒருநாள் வவுணதீவில் கச்சேரி முடிந்து, குழுவின் பிரபல பாடகரோடு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். இருவரிடமும் அடையாள அட்டை இல்லை. அங்கிருந்த அதிகாரிக்குப் பாடகரைத் தெரிந்திருந்தது. ஒரு சிங்களப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு, தேநீரும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார். என் கணவரைப் பொலிசில் ஒப்படைத்தார்கள்.

பாடகர் நேரே நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பயப்பிடாத புள்ள. அங்க இருந்த பெரிய அதிகாரியோட கதைச்சிட்டன். நாளைக்கு விட்டிருவாங்க" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா, "லோயரையும் கூட்டிக்கிட்டு இப்பவே பொலிசுக்குப் போவம்" என்றார்.

"இவர் சொன்னாக் கேப்பாங்க அக்கா" என்று நான் மறுத்துவிட்டேன்.

மறுநாள் பொலிசுக்குப் போனபோது கணவரை அங்கிருந்து ஏதோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். எந்த முகாம் என்று அறியவே மாதக்கணக்கானது. பாடகர் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அவருடைய பேர் அவரை மட்டும்தான் காப்பாற்றியது. கணவர் உயிரோடு திரும்பினார். ஆனால் அவருடைய வலக்கை விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாரையாவது பிடித்தால், நான் சட்டத்தரணிக்குச் சொல்லிவிட்டு அப்போதே பொலிஸ் வாசலில் போய் நிற்கிறேன். ஆளைக் கண்ணால் காணாமல் வீடு திரும்புவதில்லை.