எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’

இந்தோனேசியாவின் ஜாவாவில், சோலோ நகரத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொன்னால், சொன்னவரை வளர்த்தவர்களுக்குத்தான் கெட்ட பெயர். அந்த வகையில் விதுரியை வளர்த்தவர்களுக்கு ஊரில் நல்ல பெயர். கல்லூரியில் கணக்கியலில் முதல் மாணவி. யார் எதைச் சொன்னாலும் தலையைத் தாழ்த்தி, “சரிங்க” என்பாள். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க.

கடைசிப் பருவத்தில் பயிற்சிக்காக ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வாய்த்த மேலாளர் திவுர்மா, சுமத்ராவின் பாத்தாக் இனப் பெண்மணி; ஆபீசில் எல்லோருக்கும் ‘இபு’, அதாவது அம்மா. நல்ல சேதியைக்கூடச் சண்டைபோல்தான் சொல்வார். பயிற்சி முடியும்போது அவர் நல்லபடி எழுதிக் கொடுத்தால் அங்கேயே வேலை கிடைக்கும். சந்தையில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் விதுரியின் அம்மா, வேலை கிடைத்துவிட்டதாகவே வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகளுக்கும் அதில் பாதி வந்திருக்கலாம்.

ஒருநாள் பாத்திக் துணி வியாபாரி கர்த்தோனோவுக்குப் போன் செய்து, வியாழக்கிழமை கிடங்குச் சரக்கை எண்ணி ஸ்டாக் எடுக்க வரலாமா என்று கேட்கச் சொன்னார் திவுர்மா. விதுரி கேட்டாள். தாராளமாக வரச் சொன்னார் என்றாள். ஆபீசே கிளம்பிப் போனது. கிடங்கில் பெரிய பூட்டு. உறவில் கல்யாணமாம், வீட்டோடு பக்கத்து ஊரான ஜோக்ஜாவுக்குப் போயிருந்தார்கள்.

“வரச் சொன்னார்னியே!” என்றார் திவுர்மா.

“சொன்னாருங்க இபு. ஆனா இழுத்து இழுத்துச் சொன்னாரு. வராதீங்கன்னு அர்த்தம்.”

“அது உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியுங்க.”

“அப்புறம் ஏன்டி என்கிட்டே சொல்லலே?”

“வரச் சொன்னாரான்னுதானே கேட்டீங்க?”

திவுர்மா தலையில் அடித்துக்கொண்டார். “இதோ பாரு. கணக்கு போட மிஷின் இருக்கு. எனக்கு வேண்டியது வாயைத் திறக்கிற ஆளு. இப்படியே இருந்தா உன்னைப் பத்தி நான் நல்லா எழுத மாட்டேன்.”

விதுரி சொன்னாள்: “சரிங்க.”

அடுத்த வாரம் கர்த்தோனோ ஊர் திரும்பியதும் மறுபடி போனார்கள். தேநீரும் சுடச்சுட செராபி அப்பமும் வந்தன. திவுர்மா கிடங்கின் முன்கட்டைப் பார்க்க, பின்கட்டு விதுரிக்கு. வரிசையாகத் துணிக்கட்டுகள், கடைசி வரிசையின் மேல் தார்ப்பாய்.

“அதுவும் இதே சரக்குதான் கண்ணு. எதுக்குச் சிரமம்? எழுதிக்கோ,” என்றார் கர்த்தோனோ. அவள் அப்பாவைவிட மூத்தவர்; ‘பாக்’, அதாவது ஐயா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சரிங்க” என்று வாய் சொல்லிவிட்டது. பேனா நகரவில்லை. எழுதினால் பொய். எழுதாவிட்டால் பெரியவரைப் பொய்யர் என்றதாகும்.

“பாக், நான் மந்த புத்திக்காரி,” என்றாள் மெதுவாக. “கையால தொட்டுப் பார்த்தாத்தான் எனக்கு எண்ணிக்கை மண்டையில நிக்கும். கோவிச்சுக்காதீங்க.”

கர்த்தோனோவும் அதே ஊர்க்காரர்தானே. புரிந்துவிட்டது. தார்ப்பாயை அவரே தூக்கினார். கூரை ஒழுகி, கட்டுக் கட்டாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது.

“மழை அடிச்சிடுச்சு கண்ணு. பேங்குக் கடனுக்கு முழுச் சரக்கையும் காட்டணும். உங்க மேடத்துக்கிட்டே சொல்லாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

இதற்குச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒரு வார்த்தையும் அவளிடம் இல்லை. அதற்குள் திவுர்மா வாசலில் வந்து நின்றார். “என்ன, எல்லாம் சரியா?”

“இல்லைங்க இபு,” என்றாள் விதுரி. “கடைசி வரிசை பூராவும் கெட்டுப் போச்சு. பாக் கர்த்தோனோவே தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினாரு.”

அவரே காட்டினார் என்றது அவர் மானம் காக்கத்தான், உண்மையும்கூட. ஆனாலும் பெரியவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது குனிந்து விடைபெற்றாள். அவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறந்தது முதல் எந்தப் பெரியவரும் அவளிடம் இப்படி நடந்ததில்லை. காரில் ஏறியதும் அழுதுவிட்டாள். அவர் செய்தது தப்பு என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

திவுர்மாவுக்குத் தேற்றத் தெரியாது. கைக்குட்டையை மடியில் போட்டார். “அழுதுக்கோ. அவர் இனிமே நம்மகிட்டே வராமலும் போகலாம். போகட்டும். உன்னைப் பத்தி நல்லா எழுதறேன், வேலை உனக்குத்தான். திங்கக்கிழமை காலையில செமாராங்ல ஒரு கிடங்கு பார்க்கணும், வந்துடு.”

விதுரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை முடியாதுங்க இபு. அன்னிக்குக் காலேஜ்ல கடைசிப் பரீட்சை.”

திவுர்மா போனை எடுத்து, செமாராங்குக்காரர்களிடம் செவ்வாய்க்கிழமை வருவதாகக் கத்திச் சொன்னார்.