நான் கொடுத்த ரைஸ் குக்கர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் ஒரு நீள மேசை இருக்கிறது. இல்லாதவர்களுக்குக் கொடுக்க என்று அதில் யார் எந்த மின்சாமானைக் கொண்டுவந்து வைத்தாலும் லீடர் அக்கா முதலில் பிளக்கைச் சொருகுவார். பிறகு ஒயரைப் புறங்கையால் தொட்டபடி வெகுநேரம் நிற்பார். நமக்கோ காப்பி ஆறிக்கொண்டிருக்கும். தெலுக் பங்லிமா காராங்கில் டிவி செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. ஒயர் சுட்டால் மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்து, 'ரோசாக்' என்று எழுதச் சொல்வார். பழுது என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்லும் மலாய்ச் சொல்தான். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய சாமானின் மேல் அதை எழுத யாருக்கும் கை வராது. 'கொஞ்சம்தான் ரோசாக், லா' என்று பேச்சை இழுப்பார்கள்.

அப்படி எழுதப்பட்டவை சனிக்கிழமை அவர் காரில் ஏறி, மின்கழிவை முறையாகப் பிரித்தெடுக்கும் மையத்துக்குப் போகும். பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிட்டால் வாசலிலேயே வேலை முடியுமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செம்புக்காக ஒயரை எங்கேயாவது கொளுத்தினால் அந்தப் புகை யார் மூக்குக்குப் போகும் என்று கேட்டார். கிறுக்கு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன்.

கிள்ளானில் வெள்ளம் வந்தபோது பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு அடுப்படிச் சாமான் சேர்த்தோம். என்னிடம் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் விளக்கு எரியும். குப்பையில் போட மனம் வரவில்லை. மையம் வரை தூக்கிப்போகச் சோம்பல். கொடுத்துவிட்டால் இடமும் காலியாகும், நல்ல பேரும் கிடைக்கும். மேசைப் பக்கமே போகாமல், கிள்ளானுக்குப் புறப்பட வெளியே நின்ற லோரியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு மனநிறைவாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளான் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே குக்கரை மேசைமேல் வைத்தார். ஒயர் உருகி, அடிப்பக்கம் கருகியிருந்தது. அதை வாங்கிய ஆன்டி பிளக்கைப் பிடுங்கப் போய் உள்ளங்கை வெந்துவிட்டதாம். யார் கொடுத்தது என்று அக்கா கேட்கவில்லை.

"ரோசாக் சாமான் போட ஏழை வீடு என்ன குப்பைத்தொட்டியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

அக்கா மகளோடு ரவாங்குக்குக் குடிபோய்விட்டார். இப்போது அந்த மேசையில் நான் நிற்கிறேன். பங்சாரிலிருந்து பெரிய காரில் வந்து, ஓடாத மைக்ரோவேவை ஏழைகளுக்கு என்று இறக்கும் அங்கிள்களிடம் பேனாவை நீட்டுகிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். எழுதாமல் நான் விடுவதில்லை. சனிக்கிழமைகளில் என் காரின் பின்சீட்டில் மனிதர் உட்கார இடமிருக்காது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பிற்பகலைத்தான் சொல்ல வேண்டும்.

கருகிய குக்கரைக் காட்டிய மறுவாரம் அக்கா அந்த ஆன்டிக்குப் புதிது ஒன்று கொண்டுபோனார். தூக்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். தெரிந்துதான் அழைத்தாரா, இன்றுவரை கேட்டதில்லை. அந்த வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறி நின்ற கோடு இன்னும் இருந்தது. வலது கையில் கட்டு. இடது கையாலேயே எங்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தார் ஆன்டி. பழைய குக்கரைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"குடுத்தவங்க பாவம், என்னா செய்வாங்க? தெரியாம குடுத்திருப்பாங்க. அவங்க நல்லா இருக்கணும்னு சாமிகிட்ட தினம் வேண்டிக்கிறேன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நான்தான் ஆன்டி குடுத்தேன். ரோசாக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."