சுவரைத் தாண்டினால் அவுட்

நேற்று விம்கோ நகர் ஸ்டேஷனில் மெட்ரோ கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு பெண் படியேறி ஓடிவந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே பாய்ந்துவிட்டாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த நான் செருப்பைச் சரிசெய்து நிமிர்வதற்குள் வண்டி போய்விட்டது. என் வேகம் எப்போதுமே அப்படித்தான். அவள் ஓடிய ஓட்டத்தில் எனக்கு பிலோமினா ஞாபகம் வந்துவிட்டது.

திருவொற்றியூரில் பெண்களுக்கு பேஸ்பால் டீமா என்று சிரிக்காதீர்கள். இருந்தது. எங்கள் பி.டி. டீச்சர் எங்கிருந்தோ ஒரு மட்டையும் நாலைந்து தோல் கையுறைகளும் வாங்கி வந்தார். எல்லாருடைய வியர்வையும் ஊறிய அந்தக் கையுறை வாடைக்குக் கருவாட்டுக் கூடை தோற்றுவிடும். கிரவுண்டு என்பது ஒரு ஃபேக்டரி மதிலை ஒட்டிய பொட்டல். மதிலைத் தாண்டிய பந்தை வாட்ச்மேன் திருப்பித் தரமாட்டார். இருந்ததே இரண்டு பந்து. அதனால் சுவரைத் தாண்டி அடித்தால் அவுட் என்று வைத்துக்கொண்டோம். ஊர் உலகத்தில் அதற்குத்தான் ஹோம் ரன் என்று பேர், கைதட்டுவார்கள். எங்களிடம் திட்டு விழும்.

பிலோமினா எலும்பும் தோலுமாக இருப்பாள். பந்தைத் தரையோடு தட்டிவிட்டு ஓடுவாள். யாராவது குனிந்து பொறுக்குவதற்குள் ஓடித் தொடவேண்டிய முதல் பேஸில் கால் வைத்திருப்பாள். கொஞ்சம் அசந்தால் இரண்டாவதிலும் நிற்பாள். அங்கே காவல் நான். பந்தைப் பிடித்துக்கொண்டு, அவுட்டாக்க அவளைத் தொடப் போனால் புழுதிதான் கையில் படும். "இன்னா குண்டம்மா, நான் வந்து எம்மா நேரமாவுது" என்பாள்.

ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுத்தார்கள். எடுபட்டால் வேலை. ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் நைனா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவளுக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை விட்டுவிடுவதாக நைனா சொல்லியிருந்தார்.

ஆள் எடுக்க வருகிறவர்கள் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பார்ப்பார்கள் என்று டீச்சர் கவலைப்பட்டார். அவளுக்கு முட்டையும் வேர்க்கடலையும் கொடுத்து, தூக்கி அடி, தூக்கி அடி என்று எல்லாருமாகப் படுத்தி எடுத்தோம். ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அதுதான் அவளிடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

செலக்‌ஷனில் சில பந்துகள்தான் கொடுத்தார்கள். அது வேறொரு கிரவுண்டு, சுற்றிலும் கம்பி வேலி. தூக்கி அடிக்கப் போய்க் காற்றைத்தான் அடித்தாள். கடைசிப் பந்து மட்டும் பட்டு, வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. நாங்கள் குதித்தோம். அவளோ மட்டையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தாள். அவுட்டாம். அத்தனை வருஷப் பழக்கம். செலக்டர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் கூப்பிட்டு, பேஸ்களைச் சுற்றி வரச் சொன்னார். வேலி தாண்டிய பந்துக்கு ஓடவேண்டிய அவசியமில்லை. கூனிக் குறுகி நடந்தே சுற்றி வந்தாள். அவளைவிட அதிகமாகத் தூக்கி அடித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

அந்தப் பொட்டலில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மதில் கண்ணுக்கே தெரியவில்லை. டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டில் பிலோமினாவைப் பார்த்தேன். முட்டி வலியாம், என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்த ஹோம் ரனைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அவள் முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"அத்த வுடுமே. அவுங்க முன்னாடி நான் ஒரு தபா கூட ஓடலியே" என்றாள்.