தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

குழந்தை தொலையும், குடும்பம் சிதறும், கடைசி ரீலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். எழுபதுகளில் மூன்று படத்துக்கு ஒன்று இப்படித்தான் வந்தது. அப்பாவின் துணிக்கடை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தி. நகருக்குக் குடிவந்த புதிதில் அப்படியொரு படத்துக்குப் போனோம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மகளை, இருபது வருஷம் கழித்து, தோளில் இருந்த மச்சத்தை வைத்துத் தாய் கண்டுபிடிக்கிறாள். அம்மா முந்தானை நனைய அழுதாள். ஐந்து வயதுத் தங்கை மட்டும் அழாமல், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது வெறும் கதையாகப் படவில்லை. காரணம் நான். எனக்குப் பன்னிரண்டு வயது, வாய் அதிகம். சண்டை வந்தால், "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பேன். எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான். படம் பார்த்து வந்தபின் நான் அதோடு நிற்கவில்லை. "உன் நிஜ அம்மா இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கா. திருவிழாவுக்குப் போனா வருவா" என்றேன். என் ரிப்பனை எடுத்துவிட்டாள் என்ற கோபம், வேறொன்றுமில்லை.

அந்தப் பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா பார்க்க அம்மா எங்களை மயிலாப்பூருக்கு அழைத்துப்போனாள். மாட வீதியில் நீர்மோருக்கு நான் கை நீட்டிய நேரம் பார்த்துத் தங்கை நழுவிவிட்டாள். ஒரு மணி நேரம் அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அலைந்தாள். கடைசியில் குளத்தங்கரையில் போலீஸ் பந்தலின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் தங்கை. அம்மா பாய்ந்து தூக்கப்போனதும், "இவங்க எங்க அம்மா இல்ல" என்றாள்.

போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினார். "இன்னாம்மா, கொழந்த இல்லன்னுது. மச்சம் கிச்சம் எதுனா கீதா?"

அம்மாவுக்குப் படபடப்பில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தங்கையின் கையை, கழுத்தை, முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பெத்த பிள்ளைய்யா" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நீ சொல்லு பாப்பா" என்று போலீஸ்காரர் என்னிடம் திரும்பினார்.

"எங்க அம்மாதான். இவ என் தங்கச்சி."

"அப்ப ஏன் இப்டி சொல்லுது?"

அம்மாவும் என்னைப் பார்த்தாள். அடி விழும் என்ற பயத்தில், "தெரியாது" என்றேன்.

நான் சொன்னதை நம்பிப் போலீஸ்காரர் அவளை எங்களோடு அனுப்பிவைத்தார். தங்கை ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அம்மா மறக்கவில்லை. தங்கையின் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் பதறுவாள். எனக்கில்லாத பாவாடை அவளுக்கு வரும், எனக்கு விழுகிற அடி அவளுக்கு விழாது. இதென்ன ஓரவஞ்சனை என்று நான் வேறு சண்டை போட்டேன், வெட்கமில்லாமல்.

பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அம்மா கேட்டாள். "ஏட்டி, நான் என்ன குறை வச்சேன்னு அன்னைக்கு அவ அப்படிச் சொன்னா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி யாரும் என்னை அடிக்கப்போவதில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. "சின்னப் பிள்ளைதானேம்மா, ஏதோ உளறியிருப்பா" என்றேன்.

அம்மா தலையை அசைத்தாள்.

"இல்லட்டி. பிள்ளை பொய் சொல்லாது."