வைஃபைக்கு வந்த விருந்தாளிகள்

மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், காலை பதினோரு மணிக்கு எனக்கு இண்டர்வியூ. கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் வேலை பார்த்ததோடு சரி. பதினோரு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. இதை விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஃபோனில் வரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் ஃபோன் டவரும் ஒற்றைக் கோடுதான். எல்லாவற்றுக்கும் வைஃபையை நம்பித்தான் பிழைப்பு.

எங்கள் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரி போய்வந்தால் சொந்தம் முழுக்க வந்து பார்த்தாக வேண்டும். பார்க்காதவர்களோடு அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு ஒன்பது மணிக்கே அந்தியூரிலிருந்து ஒரு வேனும் கோபியிலிருந்து ஒரு காரும் வந்து நின்றன. பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு பை ஆப்பிள். மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு ஹால் கட்டிலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். மாமனார் அதோடு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துவிட்டார். "ஏனுங்க, டவர் கெடைக்கலைங்களா? நம்மூட்டு வைஃபையப் போட்டுக்குங்க" என்று, ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

பத்தேகாலுக்கு உள் அறையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை என்றது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. எங்கள் பழைய ரூட்டர் பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடாது. பத்து இடத்திலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நைசாகப் போய் ரூட்டரை அணைத்துப் போட்டேன். பந்திக்கு முந்துவதில் எங்கள் சொந்தத்தைவிட அவர்கள் ஃபோன்கள் கெட்டி. என் கிழட்டுக் கம்ப்யூட்டர் இருமி எழுவதற்குள் பத்தும் திரும்ப உள்ளே போய்விட்டன.

சரி, பாஸ்வேர்டையே மாற்றினேன். கம்ப்யூட்டரில் புதுசை அடிப்பதற்குள் ஹாலில் ஒரு முனகல் எழுந்தது.

"அம்மணி, வைஃபை நின்னு போச்சாமா. அந்தியூர் அத்தை சீரியல் பார்த்துட்டு இருந்தாங்க. என்னன்னு பாரு கண்ணு" என்றார் மாமனார்.

"பாஸ்வேர்டு மாறிப்போச்சுங்க மாமா."

"அட, புதுசச் சொல்லிப்போடு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய், புதுப் பாஸ்வேர்டை முழுதாகச் சொல்லி, "சரியா விழுந்துச்சுங்களா?" என்று விசாரிக்கவும் செய்தது. என் மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

பத்து ஐம்பதுக்கு ஹால் நடுவில் போய் நின்றேன்.

"எனக்கு வேலைக்கு இண்டர்வியூ இருக்குதுங்க. தயவு செஞ்சு எல்லாரும் ஃபோனை ஆஃப் பண்ணிப்போடுங்க."

எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு பேரும் ஃபோனை அணைத்தார்கள். கோபிக்காரர் எழுந்து, "அப்ப நாங்க கிளம்பறோமுங்க" என்றார்.

"அதெப்படீங்க, சாப்புட்டுத்தான் போகோணும்" என்று மாமனார் பிடித்து உட்கார வைத்துவிட்டார். டிவியும் கூடாதென்று யாரோ நிறுத்தினார்கள். மிக்ஸி போடக்கூடாதென்று சட்னியும் நின்றது.

முக்கால் மணி நேரம் இண்டர்வியூ. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இரண்டு நாளில் சொல்கிறோம் என்று முடித்தார்கள். கதவைத் திறந்தால் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் அப்படியே இருந்தார்கள். நான் பேசியது மொத்தமும் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

அந்தியூர் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்ண்ணா, அம்மணி இங்கிலீசுல பொளந்து கட்டுதே! என்ன படிச்சிருக்குதுங்க?"

மாமனார் கறுப்புக் கண்ணாடியை நான் நின்ற பக்கம் திருப்பினார்.

"ஏன் அம்மணி, நீ என்ன படிச்சிருக்கறே?"

கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுங்க மாமா" என்றேன், ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.