ஆளில்லாத காக்பிட்

"ஏனுங்கண்ணா, வாலு ஒடிஞ்சுபோச்சுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள பறக்கோணும்ங்க."

ஒரு வியாழக்கிழமை காலையில் துடியலூரில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்திவிட்டு அந்தப் பெண் இப்படித்தான் ஆரம்பித்தார். பெயர் ரேவதி. அன்னூரில் கோழித்தீவன மில் நடத்துகிறார். பின்சீட்டில் ஒரு மாடல் விமானம் கிடந்தது. பால்சா என்ற லேசான மரத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து அவரே கட்டியது. ரிமோட்டில் பறப்பது. தென்னை மட்டையில் மோதி வால் பாதியோடு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கும் மாடல் விமானக் காட்சியில் ஓட்டிக் காட்ட அவருக்கு நான்கு நிமிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த நான்கு நிமிடம். மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வேன் வைத்துப் பார்க்க வருகிறார்களாம்.

நான் விமானப்படையில் இருபது வருடம் ஏர்ஃப்ரேம் டெக்னீஷியன். இறக்கை, வால், உடற்கூடு, அதில் விழும் விரிசல் எல்லாம் என் பொறுப்பு. மாடல் விமானம் என்றால் எனக்குப் பொம்மைதான். "இதென்ன பிரமாதம், நாளைக்கு வாங்க அம்மணி" என்றேன். என் வாய்க்கொழுப்பு அப்படி.

1. யானைக்குப் போட்ட கட்டு

எங்கள் தொழிலில் ஒரு சத்தியம் உண்டு. ரிப்பேர் செய்த இடம் பழைய இடத்தைவிடப் பலமாக இருக்க வேண்டும். அப்படியே செய்தேன். ஒடிந்த இடத்தில் இரண்டு பக்கமும் பிளைவுட் பட்டி வைத்து, மேலே கண்ணாடி இழைத் துணி சுற்றி, எபாக்ஸி பசை ஊற்றி இறுக்கினேன். வால் கனத்துவிட்டதால் பேலன்ஸ் பின்னால் சாய்ந்தது. அதற்கென்ன, மூக்கில் ஈயக்கட்டி வைத்துச் சரிசெய்தேன். "இனி மோதுனா தென்னமரந்தான் சாயும்" என்று பெருமையடித்துக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை காலை அவர் மில்லுக்குப் பின்னால் இருந்த தரிசுக் காட்டில் சோதனை ஓட்டம். என் வேலையைப் பார்க்க நானும் போனேன். விமானம் ஏறியது, திரும்பியது, வட்டம் அடித்தது. எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ரேவதியின் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மூக்கை மேலே தூக்கி வாலில் நிற்க வைத்துப் பார்த்தார். நின்றது, ஆனால் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் நிமிர்வதற்குள் பத்தடி விழுந்தது. சுழற்றிவிட்டால் நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டித்தான் நின்றது. இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்.

"அண்ணா, உங்க ஏரோபிளேன் நல்லாத்தானுங்க இருக்குது. என்னோடது எங்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. தீவனத்தில் கலக்கும் மருந்தை நிறுக்க மில்லில் ஒரு தராசு இருந்தது. அதில் வைத்தோம். நாலரைக் கிலோவாக இருந்த விமானத்தில் முக்கால் கிலோ ஏற்றியிருந்தேன். அதுவும் இரண்டு முனையிலும். கம்பின் இரண்டு நுனியிலும் கல்லைக் கட்டிவிட்டுச் சுழற்று என்றால் எப்படிச் சுழலும்?

விமானப்படையில் இருந்தவனுக்கு எடை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அங்கே நான் போட்ட ஒட்டெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இங்கே யானைக்குப் போடும் கட்டை எறும்புக்குப் போட்டுவிட்டேன். ஒரு பொருளை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அதன் பலம் நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். அதனால்தான் பெரிய விமானம் தன் எடையோடு தானே மல்லுக்கட்டுகிறது. சின்னது அந்தச் சண்டையே இல்லாமல் பிறந்தது. ரேவதியின் மோட்டார் விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு இழுக்கும். வாழ்நாளெல்லாம் நான் தொட்டுத் துடைத்த விமானங்களில் ஒன்றுகூட அப்படி இழுத்ததில்லை.

அங்கேயே மேஜை போட்டு நான் ஒட்டியதை நானே அறுத்தேன். கை கூசியது. பிளைவுட் போய் மெல்லிய பால்சா வந்தது. ஈயம் வெளியே வந்தது. ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்துக் கிராம் பார்த்தோம்.

"இவ்ளோ மெல்லிசா உட்டா மறுபடி முறிஞ்சுருமே அம்மணி" என்றேன்.

"முறியற எடத்துல முறியட்டுங்க. அப்பத்தான் மத்ததெல்லாம் தப்பிக்கும்."

இருபது வருட சர்வீஸில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் முடித்தபோது பழைய எடையைவிட இருபது கிராம்தான் கூடுதல்.

2. நான்கு நிமிடம்

இதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்வீஸில் விமானத்தை ரிப்பேர் செய்ததோடு, விமானிகளைச் சீட்டில் வைத்து பெல்ட் பூட்டும் வேலையும் நான் செய்திருக்கிறேன். சாகசப் பயிற்சி முடிந்து இறங்கினால் ஏணி போட்டு முதலில் ஏறுகிறவன் நான். உடம்பின் எடை ஆறு மடங்காக அழுத்தும் ஆறு ஜி திருப்பத்தில் எழுபது கிலோ ஆள் நானூற்று இருபது கிலோ ஆகிறார். ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். ஒருமுறை ஒரு விமானியின் கண்கள் சிவந்து, காலர் நனைந்து, விரல்கள் மரத்துப்போயிருந்தன. பெல்ட் கொக்கியை அவரால் திறக்க முடியவில்லை. "கழட்டி விடுப்பா" என்றார். கழற்றிவிட்டேன். விமானம் இன்னும் தாங்கும், உள்ளே இருக்கும் ஆள்தான் தாங்கமாட்டார் என்று அன்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி ரிமோட்டின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றார். மில் ஆட்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். என் ஒட்டு விட்டுப்போனால் இரண்டு வருடக் காத்திருப்பு நொடியில் மண்ணாகும்.

முதலில் செங்குத்தாக வட்டம் போடும் ஒரு லூப், மெதுவாகப் பக்கவாட்டில் உருளும் ஒரு ரோல். இதெல்லாம் எங்கள் விமானங்கள் செய்வதுதான். பிறகு அது வானத்தில் நின்றது. அந்தரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வால் கீழே மூக்கு மேலே, ப்ரொப்பெல்லரில் தொங்கிக்கொண்டு நின்று, தன்னைத் தானே சுற்றியது. அங்கிருந்து நேராக மேலே பாய்ந்து, மூக்கும் வாலும் மாறி மாறிக் குட்டிக்கரணம் அடித்து, ரேவதி நினைத்த இடத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. என்னை அறியாமல் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு மனிதன் இருந்திருந்தால் இந்நேரம் நினைவு தப்பியிருப்பான்.

எங்கள் விமானத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. போர் விமானம் தலைக்கு மேல் நேராக ஏறிப் புள்ளியாகி மறையும்போது நம் நெஞ்சுக்கூடு அதிரும். மாடல் அவ்வளவு தூரம் போனால் ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியாது. எங்களுடையது பிரம்மாண்டம். ஆனால் காற்று என்பது இப்படியும் நடந்துகொள்ளும் என்று அறுபது வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைசி நிமிடத்தில் மறுபடி வாலில் நிறுத்தினார். பக்கவாட்டில் ஒரு காற்று வந்து தள்ளியது. விமானம் சாய்ந்தது. தரைக்கு இரண்டடி. நேற்றுக் காலையில் இருந்த எடையென்றால் அங்கேயே முடிந்திருக்கும். இது மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறியது. பிறகு வந்து மெதுவாகப் புல்லில் இறங்கியது. வேன் ஆட்களின் விசில் ஓயவில்லை.

பழக்கதோஷம், நான் விமானத்தை நோக்கி ஓடினேன். காக்பிட் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன். சூடான பேட்டரி ஒன்றும் இரண்டு வயர்களும் இருந்தன. யாருடைய பெல்ட்டைக் கழற்ற வந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ரேவதி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முகமெல்லாம் வேர்வை. கண்கள் சிவந்திருந்தன. நான்கு நிமிடமாக இமைத்திருக்க மாட்டார். கட்டைவிரல்கள் இரண்டும் ரிமோட்டின் ஸ்டிக்குகள் மேலேயே விறைத்து நின்றன.

"அண்ணா, வெரலு வரமாட்டீங்குதுங்க. இதக் கொஞ்சம் கழட்டி உடுங்க."

ரிமோட்டைத் தாங்கிப் பிடித்து, பட்டையின் கொக்கியைக் கழற்றிவிட்டேன். இருபது வருடம் செய்த அதே வேலை. இந்த முறை ஏணி போட வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த விமானம் இறங்கினாலும் முதலில் ஓட்டியவரைப் போய்ப் பாருங்கள். விமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.