அவள் வருவதற்குள் கழுவ வேண்டிய சமையலறை

வெள்ளிக்கிழமைதான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலையிலேயே கொழுந்தியாள் போன் செய்தாள்.

“மாமா, அக்காவ இன்னிக்கே அனுப்பறாங்க. பெட்டு வேற ஆளுக்கு வேணுமாம். கார் பேசியாச்சு, மத்தியானத்துக்கு மேல வந்துருவோம். சமையல்கட்டு சுத்தமா இருக்குதுங்களா?”

இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். மூடிக் கிடந்த அறையின் வாடை முகத்தில் அடித்தது. மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நான் மொரப்பூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்ததில் ஓட்டல் சாப்பாட்டிலேயே மாதங்கள் ஓடிவிட்டன.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது காதிலேயே இருந்தது. “அவங்க உடம்புல இப்ப எதிர்ப்பு சக்தியே கெடையாது. தூசி, பூஞ்சை, பழைய மாவு எதுவும் இருக்கக் கூடாது. காய்ச்சல் வந்தா தாங்க மாட்டாங்க.”

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளிக்காடு வைத்திருக்கும் மாமனார் மகள் வீடு திரும்பும்போது கூட இருப்பதற்காக முந்தின நாள்தான் வந்திருந்தார். அதிகம் பேச மாட்டார். மகள் படுத்ததிலிருந்து என்னிடம் பேசுவதை இன்னும் குறைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“என்ன பண்ணணும், சொல்லுங்க மாப்ள.”

முதலில் எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் வைத்தோம். கேழ்வரகு மாவில் வண்டு. புளிப்பானையைத் திறக்கவே முடியவில்லை. ஊறுகாய், வடகம், பொடி என்று எதையும் பார்க்காமல் குப்பைச் சாக்கில் கொட்டினேன். கடையில் பிசுக்குப் பிடித்த மோட்டாரைக் கழற்றுகிற முறைதான் எனக்குத் தெரிந்தது. ஊறவைக்க வேண்டியதை முதலில் ஊறவைத்துவிட்டு மேலிருந்து கீழே வர வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, சலவை சோடா போட்ட வெந்நீரில் அமுக்கினேன். அடுப்பு பர்னரையும் அதிலேயே போட்டேன். அடுப்புக்குப் பின்சுவரில் ஈரத் துணியை ஒட்டவைத்து, அது ஊறும் நேரத்தில் பரணில் ஏறினேன். மாமனார் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கினார்.

அரிசி டிரம்மை நகர்த்தியபோதுதான் அதைப் பார்த்தோம். சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எத்தன நாளாங்க இருக்குது?”

“தெரியலீங்க மாமா. டிரம்முக்குப் பின்னால யாரு பாத்தா?”

“ஆமா, யாரு பாத்தா? எம் புள்ள கை காலெல்லாம் நீலம் நீலமா இருக்குதுன்னு சொன்னப்பவும் யாரு பாத்தா?”

அந்த நீலத் தடங்களை மூன்று டாக்டர்களிடம் காட்டியவன் நான். ரத்தக்குறைவு என்று மாத்திரை கொடுத்தே அவர்கள் அனுப்பினார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் அடித்தது. கார் திருப்பத்தூர் தாண்டிவிட்டதாம்.

“ப்ளீச்சிங் பவுடர் வேணும், போய் வாங்கிட்டு வாரேன்” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு சிங்க்கைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கவில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அடைப்பில் ஊற்றி ஊறவிட்டு, வாசலுக்குப் போய் ஃபேனைத் தேய்க்க உட்கார்ந்தேன். அவர் பின்பக்கமாக வந்ததை நான் பார்க்கவில்லை. மூலையில் பவுடரைத் தூவியவர், சிங்க்கும் நாறுகிறதே என்று மீதியை அதில் கொட்டியிருக்கிறார்.

இருமல் சத்தம்தான் முதலில் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் வருகிற இருமல். ஓடிப்போய்ப் பார்த்தால், மஞ்சளும் பச்சையுமாகப் புகை சிங்க்கிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைத் திறக்கப் போய் வழியிலேயே முழங்கால் மடங்கி விழுந்து கிடந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கண்ணெல்லாம் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. வேப்பமரத்தடி வரைக்கும் இழுத்துவந்து முகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அவர் உதடு வெளுத்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துவந்தார். ஏற மாட்டேன் என்று மாமனார் கையை உதறினார்.

“என்ன வுட்டுருங்க... புள்ள வந்துரும்... சமையல்கட்டக் கழுவுங்க...”

“ஏறுங்க மாமா!” என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எதை எதோடு கலந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் இரண்டு பேருமாகக் கலந்தோம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் நுரையீரல் போயிருக்கும் என்றார். மாமனாரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. இந்தத் தடவை மனைவியே பேசினாள்.

“ஊத்தங்கரை தாண்டிட்டோம். உங்க கொரலு ஏன் இப்பிடி இருக்குது?”

மாமனார் முகமூடிக்குள்ளிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அப்பாவுக்கு மூச்சு வருதா?”

“வருது. பேசறாரு. நீ மட்டும் இன்னிக்கு வூட்டுக்கு வந்துராத.”

கார் அரூரிலிருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்குத் திரும்பியது. குடி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மாடி வீடு. ஒரு அறையைத் துடைத்து அவளை அங்கே படுக்கவைத்தார்கள்.

மாமனாரை ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். சேர்த்த அன்று சாயங்காலம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். குரல் எழும்பாமல் அவர் கேட்டார்.

“மூணு டாக்டர்கிட்ட காட்டுனீங்களாமே?”

“யாரு சொன்னாங்க?”

“புள்ளதான் சொல்லுச்சு, இப்ப போன்ல. எங்கிட்ட ஏன் மாப்ள சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே மாமா.”

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்தார். புகையின் எரிச்சல் இன்னும் போகவில்லை என்று நர்ஸிடம் சொன்னார்.

மறுநாள் சமையலறைக் கதவு ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டு, தண்ணீரை விட்டு விட்டு அலசினேன். பூஞ்சை பிடித்த காரையைச் சுரண்டிப் புதிதாகப் பூசக் கொத்தனாரை வைத்தேன். மாமனாரை உள்ளே விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். அவசரப்படவில்லை. சுவர் காய்கிற வரைக்கும் அவள் அரூரிலேயே இருக்கட்டும் என்று இருவருமே சொன்னோம்.

சுவர் காய்ந்து அவள் வந்தபோது மாஸ்க் போட்டிருந்தாள், தலையில் முடி இல்லை. வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்காவ சுத்தம் பண்றேன்னு ரெண்டு பேரும் போய்ச் சேந்துருந்தா, எனக்கு யாரு சோறாக்கிப் போடறது?”

மாமனார் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். காய்கறி எதையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை அவருக்கு மறுபடி சொல்லிக்கொண்டே நான் அரிசியைக் களைந்தேன். சோறு குழைந்துபோனது. பருப்பில் உப்புக் கம்மி. அவள் ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.